வீட்டுப் பாட்டு யார் கையில்?



"கம்பியில்லாமல் வீடு முழுவதும் பாட்டுக் கேட்கும்படி ஓர் ஏற்பாடு செய்யவேண்டும், எந்த ஸ்பீக்கர் வாங்கலாம்?" இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி எட்டிப் பார்க்கிறது. கேட்பவர்களில் பெரும்பாலோர் விலையையும் சேர்த்தே விசாரிக்கிறார்கள். புத்திசாலித்தனமான காரியந்தான். ஆனால் விலைக்கு முன்னால் விசாரிக்க வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. அதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். பெட்டியின் மேல் அட்டையிலும் அது அச்சடித்திருக்காது.

உங்கள் பிள்ளையாண்டான் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் ஒலித்துக்கொண்டிருந்த பாட்டும் அவனோடு கூடவே படியிறங்கிப் போகுமா, போகாதா?

போகும் என்றால், நீங்கள் காசு கொடுத்தது வீட்டுக்கென்று; ஆனால் வாங்கிவந்தது பிள்ளைக்கு. இவ்வளவுதான் இந்த வாரத்து விஷயம். மற்றதெல்லாம் இதன் விளக்கம்.

குமிழ் இருந்த காலம்

சென்னையில் ரேடியோ ஒலிபரப்பு ஆரம்பமானது 1924-ம் ஆண்டில். சென்னை ராஜதானி ரேடியோ கிளப் என்ற சங்கத்தார் அதைத் தொடங்கினார்கள். பணமுடையால் அவர்கள் கை ஓய்ந்துபோகவே, 1930-ல் நகரசபையே ஒலிபரப்பை ஏற்று நடத்தியது. 1938-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் பிறந்தது. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நம் கூடங்களில் மரப்பெட்டி ரேடியோக்கள் குடியேறின.

அந்தப் பெட்டிக்கு லைசென்ஸ் உண்டு. தபாலாபீஸில் வருஷா வருஷம் பணம் கட்டவேண்டும். 1980-களில்தான் அந்த வழக்கம் ஒழிந்தது. லைசென்ஸ் பெரும்பாலும் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். குமிழ் மட்டும் எல்லோருக்கும் பொது! திருகினால், வால்வு சூடாவதற்கு அரை நிமிஷம், பிறகு பாட்டு. காலையில் தாத்தா செய்திக்காகத் திருகுவார். மத்தியானம் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு அம்மா திருகுவாள். சாயங்காலம் குழந்தைகள் திருகிச் சினிமாப் பாட்டுத் தேடுவார்கள். யாரும் யாரையும் பார்த்து "பாஸ்வேர்டு என்ன?" என்று கேட்டதில்லை.

இன்று நிலைமை எப்படி? மரப்பெட்டிக்குப் பதில் ஒரு தேங்காய் அளவு ஸ்பீக்கர். அதற்குள்ளிருந்து லட்சக்கணக்கான பாட்டுக்கள். தியாகராஜ கீர்த்தனை வேண்டுமா, நேற்று வெளிவந்த சினிமாப் பாட்டு வேண்டுமா, எது கேட்டாலும் உண்டு. ஒன்றே ஒன்று மட்டும் காணாமற்போய்விட்டது. அந்தக் குமிழ்! அது வீட்டிலுள்ள யாரோ ஒருவருடைய போனுக்குள் போய் ஒளிந்துகொண்டுவிட்டது.

என் சிநேகிதி ஒருத்தியின் வீட்டுக்கு ஒருநாள் மத்தியான வேளையில் போயிருந்தேன். சிநேகிதி ஆபீஸிலிருந்து வரவில்லை. அவளுடைய மாமியார் மட்டும் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சுவரோரமாக உயர்ந்த ரக ஸ்பீக்கர் ஒன்று, குரோஷா பின்னிய துணி போர்த்திக்கொண்டு, கொலுப் பொம்மை மாதிரி வீற்றிருந்தது.

"என்னம்மா, பாட்டு ஒன்றும் வைக்கவில்லையா?" என்று கேட்டேன்.

"அது என் பேரன் வந்தால்தான் வாயைத் திறக்கும், கண்ணு! அவன் ஆறு மணிக்கு வருவான். வந்ததும் அவனுக்குப் பிடித்ததைப் பாடும். அப்புறம் எனக்குச் சீரியல் நேரம் வந்துவிடும்" என்றார் அவர், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அவர் குறை சொல்லவில்லை, நிலவரத்தைச் சொன்னார். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை ஒன்பது மணி நேரம் அந்த வீட்டில் தனியாக இருக்கிறவர் அவர் ஒருவர்தான். பாட்டு மிகவும் தேவைப்படுகிறவரும் அவர்தான். அந்த ஒன்பது மணி நேரமும் ஸ்பீக்கர் ஊமை. பல வீடுகளில் இதே கதைதான். ஆகையால் ஏற்பாட்டை முதலிலிருந்தே சரியாகச் செய்வது எப்படி என்று பார்ப்போம்.

சுமந்து வருவதும் குழாயில் வருவதும்

கம்பியில்லாமல் பாட்டு ஸ்பீக்கருக்கு வந்து சேர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று புளூடூத். இன்னொன்று வைஃபை.

புளூடூத் என்றால் "நீலப்பல்" என்று அர்த்தம். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்ற அரசனுடைய பட்டப் பெயர் அது. பிரிந்து கிடந்த கூட்டங்களை அவன் ஒன்றுசேர்த்தான் என்பதனால், வெவ்வேறு கருவிகளை ஒன்றுசேர்க்கும் இந்த முறைக்கு அவன் பெயரை வைத்தார்கள். ஆனால் நம் வீட்டில் அது ஒன்றுசேர்ப்பதைவிடப் பிரித்துவைப்பதே அதிகம்! ஏன் என்று கேளுங்கள்.

புளூடூத்தில் போன்தான் பாட்டைச் சுமக்கிறது. கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் எடுத்துவந்து அண்டாவில் கொட்டுவது போல, இன்டர்நெட்டிலிருந்து பாட்டை எடுத்து ஸ்பீக்கரில் கொட்டிக்கொண்டே இருக்கிறது. குடம் சுமப்பவர் போய்விட்டால் தண்ணீர் நின்றுவிடும் அல்லவா? சாதாரணமாக இதன் எல்லை பத்து மீட்டர்; நடுவில் செங்கல் சுவர் வந்தால் அதுவும் குறையும். அது மட்டுமா? போனுக்கு வருகிற மற்ற ஓசைகளும் பாட்டோடு சேர்ந்து வரும். உருக்கமான ஆலாபனைக்கு நடுவே "டிங்!" என்று யாரோ அனுப்பிய காலை வணக்கம் வந்து விழும்.

வைஃபை முறையில் ஸ்பீக்கருக்கே தனிக் குழாய் போட்டாயிற்று. வீட்டு இன்டர்நெட்டிலிருந்து அது தானே பாட்டை எடுத்துக்கொள்கிறது. போனுடைய வேலை, "இந்தப் பாட்டைப் போடு" என்று உத்தரவிடுவது மட்டுமே. உத்தரவு கொடுத்தபின் போன் கடைக்குப் போகலாம், காலேஜுக்குப் போகலாம். பாட்டு நிற்காது.

ஆனாலும் அட்டையில் "வைஃபை" என்ற சொல்லைப் பார்த்தவுடனே பணத்தை எடுத்து நீட்டிவிடாதீர்கள். வைஃபையிலும் போனே சுமந்துவரும் முறைகள் இருக்கின்றன. ஆப்பிள் கம்பெனியின் "ஏர்பிளே"யில் போனிலிருந்து அனுப்பினால் பெரும்பாலும் அப்படித்தான். "கூகிள் காஸ்ட்", "ஸ்பாட்டிஃபை கனெக்ட்" என்ற முறைகளில் ஸ்பீக்கர் தானே எடுத்துக்கொள்ளும். எது எப்படி என்று மனப்பாடம் செய்யவேண்டிய அவசியமில்லை. கடையிலேயே ஒரு பரீட்சை வையுங்கள். போனிலிருந்து ஒரு பாட்டு வரிசையைப் போடச் சொல்லுங்கள். பாட ஆரம்பித்ததும் போனை முழுதும் அணைத்துவிடச் சொல்லுங்கள். நடக்கிற பாட்டு முடிந்து, அடுத்த பாட்டும் தானாக ஆரம்பித்தால் அது வீட்டுக்கு ஏற்ற ஸ்பீக்கர். பாதியில் வாயை மூடிக்கொண்டால், நன்றி சொல்லிவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

பழைய மியூசிக் சிஸ்டம் ஒன்று பரணில் தூங்குகிறதா? அதைப் பழைய சாமான்காரருக்குப் போடவேண்டாம். அதன் பின்புறத்தில் வெளியிலிருந்து பாட்டு வாங்கிக்கொள்ளும் துளை இருந்தால், வைஃபையில் பாட்டு எடுத்துக் கொடுக்கும் சின்னப் பெட்டி ஒன்றை வாங்கி அதில் இணைத்துவிடலாம். பழைய பெட்டியின் குரல் பல புதிய ஸ்பீக்கர்களைவிடக் கம்பீரமாக இருப்பதும் உண்டு. முக்கியமாக, அதில் குமிழ் இருக்கிறது!

ரவுட்டருக்கு நல்ல இடம்

பாட்டு விட்டுவிட்டு வருகிறது என்றால் முக்கால்வாசிக் குற்றம் ஸ்பீக்கருடையது அன்று. ரவுட்டரை வைத்த இடத்தினுடையது. இன்டர்நெட் போட வந்த பையன் கம்பி நுழைந்த மூலையிலேயே அதை மாட்டிவிட்டுப் போயிருப்பான். நாமும் அதன் விளக்குகள் கண்ணைக் குத்துகின்றன என்று டெலிவிஷனுக்குப் பின்னால் தள்ளிவிட்டிருப்போம்.

ரவுட்டர் வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும். இரும்பு பீரோவின் பக்கத்தில் வைக்கக்கூடாது. இரும்பு அலையைத் தடுத்துவிடும். மீன் தொட்டிக்குப் பின்னாலும் கூடாது; தண்ணீர் அலையை விழுங்கிவிடும். கான்கிரீட் சுவர்கள் எத்தனை குறுக்கே வருகின்றனவோ, அத்தனைக்கத்தனை பலம் குறையும்.

பெரும்பாலான ரவுட்டர்களில் இரண்டு அலைவரிசைகள் இருக்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒன்று, 5 கிகாஹெர்ட்ஸ் ஒன்று. முதலாவது மெதுவானது, ஆனால் சுவரைத் தாண்டிப் போகும். இரண்டாவது வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். பாட்டுக்கு அதிக வேகம் வேண்டியதில்லை. வினாடிக்கு 320 கிலோபிட் என்ற நல்ல தரத்தில் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்டால் 144 மெகாபைட் செலவாகும். சினிமாப் படம் பார்ப்பதோடு ஒப்பிட்டால் இது கொசுறு.

சமையலறைக்கு மட்டும் ஒரு விசேஷக் குறிப்பு. மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் ஏறக்குறைய அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான். புளூடூத்தும் அங்கேதான் குடியிருக்கிறது. ஆகவே சாதத்தைச் சூடுபண்ண அடுப்பைப் போட்டதும் பாட்டு விக்க ஆரம்பித்தால் பயந்துவிடாதீர்கள். ஸ்பீக்கருக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியுமானால் சமையலறைக்கு அதைக் கொடுங்கள். தெரியாதென்றால், அடுப்பிலிருந்து சில அடி தள்ளி வையுங்கள். தாளிக்கும் எண்ணெய்ப் புகையிலிருந்து தள்ளி வைப்பதாகவும் ஆயிற்று.

முதன்முதலில் இணைக்கும்போது, போனும் ஸ்பீக்கரும் ஒரே வைஃபையில் இருக்கவேண்டும். விருந்தாளிகளுக்கென்று தனி வைஃபை வைத்திருக்கும் வீடுகளில், ஒன்று இதிலும் மற்றொன்று அதிலுமாக இருந்துகொண்டு ஒன்றையொன்று காணாமல் தவிக்கும். அடுத்தபடியாக ஸ்பீக்கருக்குப் பெயர் வைக்கவேண்டும். கம்பெனிக்காரர்கள் வைத்த எண்ணும் எழுத்துமான பெயரை அப்படியே விட்டுவிடாமல் "கூடம்", "சமையலறை", "பாட்டி அறை" என்று தமிழிலேயே வையுங்கள். தப்பான அறையில் நள்ளிரவில் டப்பாங்குத்து கிளம்புவதை இது பெருமளவுக்குத் தடுக்கும்.

மின்சாரம் நின்றால்? ஸ்பீக்கர் இன்வர்ட்டரில் இருந்தும் ரவுட்டர் இல்லாவிட்டால் பிரயோஜனமில்லை. இரண்டும் இன்வர்ட்டர் இணைப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ரவுட்டருக்கென்றே கையடக்கமான பாட்டரிப் பெட்டிகளும் கிடைக்கின்றன.

இரண்டு அறையில் ஒரே தாளம்

கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று என்று இரண்டு ஸ்பீக்கர்கள் வைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இரண்டும் ஒரே பாட்டைப் பாடும்போது ஒன்று கொஞ்சம் பிந்தினாலும் காது கண்டுபிடித்துவிடும். ஒலி ஒரு வினாடியில் சுமார் 340 மீட்டர் போகிறது. பத்து மீட்டர் தூரத்து ஸ்பீக்கரின் ஓசை நம்மிடம் வர ஒரு வினாடியில் ஏறக்குறைய முப்பத்துநான்கில் ஒரு பங்கு ஆகும். அதுவரை பரவாயில்லை. அதற்குமேல் கருவியே பிந்தினால், மலையடிவாரத்தில் கூப்பிட்டது போல எதிரொலி கேட்கும்.

பல அறைகளுக்கென்றே செய்த வைஃபை ஸ்பீக்கர்கள் இதற்கு ஓர் உபாயம் வைத்திருக்கின்றன. எல்லாம் முதலில் தங்கள் கடிகாரத்தை ஒன்றுக்கொன்று சரிபார்த்துக்கொள்கின்றன. பிறகு பாட்டின் ஒவ்வொரு துணுக்கும் "இன்ன நேரத்தில் என்னை ஒலி" என்ற சீட்டோடு வருகிறது. மிருதங்கக்காரரும் கடக்காரரும் ஒரே தாளத்தைப் பார்த்து வாசிக்கவில்லையா, அதைப்போல! ஒவ்வொரு கம்பெனியிலிருந்து ஒவ்வொன்று வாங்கிவைத்தால் சில சமயம் இந்தத் தாளம் சேராது. இரண்டு வாங்குவதாக உத்தேசமிருந்தால், ஒரே முறையில் சேர்ந்து பாடுகிறவையா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

குமிழைத் திரும்பக் கொண்டுவருவது

இனிமேல்தான் முக்கியமான வேலை. ஸ்பீக்கர் வந்தாயிற்று, பாட்டும் வருகிறது. வீட்டில் பகல் முழுவதும் இருப்பவர் அதை எப்படித் தொடங்குவார்?

முதலாவது, சந்தா. ஒருவருக்கான சந்தாவில் பொதுவாக ஒரு சமயத்தில் ஓரிடத்தில்தான் பாட்டுக் கேட்கலாம். பிள்ளையின் கணக்கிலேயே கூடத்து ஸ்பீக்கரும் பாடினால் என்ன ஆகும்? அவன் பஸ்ஸில் உட்கார்ந்து தன் போனில் பாட்டை வைத்த அந்தக் கணமே, இங்கே பாட்டி கேட்டுக்கொண்டிருந்த பாட்டு நின்றுவிடும். அவனுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. பாட்டியோ பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார். குடும்பச் சந்தா என்று தனியாக உண்டு. அதில் ஆளுக்கொரு கணக்கு. அதில் ஒரு கணக்கைக் கூடத்து ஸ்பீக்கருக்கே எழுதிவைத்துவிடுங்கள். சந்தா கட்டுவது யாராக இருந்தாலும், இந்தக் கணக்கின் பாஸ்வேர்டு சமையலறை டயரியில் இருக்கட்டும்.

இரண்டாவது, பொத்தான். சில ஸ்பீக்கர்களில் மேலேயே 1, 2, 3 என்று பொத்தான்கள் இருக்கின்றன. ஒன்றை அழுத்தினால் ஆகாசவாணி. இரண்டை அழுத்தினால் பக்திப் பாட்டு. மூன்றை அழுத்தினால் பழைய சினிமாப் பாட்டு என்று பழக்கிவைக்கலாம். வயதானவர்கள் உள்ள வீட்டில், இப்படிப் பொத்தான் உள்ள ஸ்பீக்கருக்கு ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்தாலும் தகும்.

மூன்றாவது, பொத்தான் இல்லாவிட்டால் பழைய போன். திரை கீறி, யாருக்கும் வேண்டாம் என்று மேஜை அறையில் கிடக்கும் போன் ஒன்று எந்த வீட்டிலும் இருக்கும். அதற்கு சிம் கார்டு வேண்டாம். வைஃபை மட்டும் போதும். வேண்டாத படங்களையெல்லாம் நீக்கிவிட்டு, பாட்டுக்கான ஒன்றிரண்டை மட்டும் திரையில் பெரிதாக வையுங்கள். சார்ஜரோடு கூடத்துச் சுவரில் ஒரு தாங்கியில் மாட்டுங்கள். அந்தப் போன் யாருக்கும் சொந்தமில்லை, வீட்டுக்குச் சொந்தம். அதை எடுத்துக்கொண்டு யாரும் வெளியே போகக்கூடாது. அதுதான் நம் புதுக் குமிழ்.

"பேசினால் பாடும் ஸ்பீக்கர் இருக்கிறதே!" என்று கேட்கலாம். இருக்கிறது. கண் மங்கியவர்களுக்கும், மாவுக் கையோடு இருப்பவர்களுக்கும் அது பெரிய உபகாரம். ஆனால் நாம் வீட்டில் பேசும் தமிழ் அதற்குப் பிடிபடுகிறதா என்று வாங்குவதற்கு முன்பே பேசிப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு. பேச்சைக் கேட்கும் பெட்டிக்குக் காது இருக்கவேண்டும். குழந்தைகளின் குரல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்த வழக்கில், 2023-ம் ஆண்டு அமெரிக்காவில் அமேஸான் கம்பெனி இரண்டரைக் கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. ஆகவே ஒலிவாங்கியை அணைக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை முதல் நாளே எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது. குடும்ப விஷயம் பேசும் நேரத்தில் அதை அழுத்திவிட்டால் போயிற்று.

கம்பெனி கடையைக் கட்டினால்?

பிள்ளை போனால் பாட்டு நிற்காதபடி செய்துவிட்டோம். கம்பெனி போனால்?

இது வீண் பயமல்ல. "குரோம்காஸ்ட் ஆடியோ" என்று ஒரு சின்ன வட்டப் பெட்டி 2015-ல் வந்தது. பழைய மியூசிக் சிஸ்டத்தில் செருகினால் வைஃபையில் பாட்டுத் தரும். கூகிள் கம்பெனி 2019-ல் அதைச் செய்வதை நிறுத்திவிட்டது. ஏற்கெனவே வாங்கினவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். 2025-ம் ஆண்டு மார்ச் மாதம் ஒருநாள், உலகெங்கும் அந்தப் பெட்டிகள் ஒரேயடியாக ஊமையாகிவிட்டன! காரணம் என்ன தெரியுமா? உள்ளே இருந்த ஓர் அடையாளச் சான்றிதழுக்குப் பத்து வருஷக் கெடு முடிந்துவிட்டது. சில தினங்களில் கம்பெனி அதைச் சரிசெய்தது. பொறுத்திருந்தவர்கள் தப்பினார்கள். அவசரப்பட்டுப் பெட்டியைப் புதிதுபோல் அழித்துத் திரும்ப இணைக்க முயன்றவர்களுக்குத்தான் கூடுதல் நாள் அவஸ்தை. நம் வீட்டிலும் ஸ்பீக்கர் திடீரென்று வாயை மூடினால், முதல் காரியமாக அதை அழிக்கக்கூடாது என்பது இதிலிருந்து ஒரு பாடம்.

"ஸோனோஸ்" என்ற அமெரிக்கக் கம்பெனியின் ஸ்பீக்கர்கள் பெயர் பெற்றவை. தன் பழைய கருவிகள் சிலவற்றுக்கு 2020 மே மாதம் முதல் புதிய சீர்திருத்தங்கள் வராது என்று அது அறிவித்தபோது, வாடிக்கைக்காரர்கள் போட்ட கூச்சலில் அதன் தலைவர் மன்னிப்புக் கேட்கவேண்டி வந்தது. 2024-ல் போனில் போடும் அதன் செயலியை அடியோடு மாற்றினார்கள். வழக்கமான பல வசதிகள் அதில் காணாமற்போயின. மறுபடியும் மன்னிப்பு, 2025 ஜனவரியில் தலைவரே பதவியை விட்டார். ஸ்பீக்கர் என்னவோ நம் வீட்டில்தான் இருக்கிறது. அதன் உயிர் எங்கோ ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் இருக்கிறது!

வேறு விதமான கதையும் உண்டு. "ஸ்குவீஸ்பாக்ஸ்" என்ற பாட்டுப் பெட்டியை லாஜிடெக் கம்பெனி 2012-ல் நிறுத்திவிட்டது. அதற்கு இன்டர்நெட்டில் துணையாக இருந்த தளத்தையும் 2024-ல் மூடிவிட்டது. ஆனால் அந்தப் பெட்டிகள் இன்னமும் பாடுகின்றன. ஏனென்றால், அவற்றை நடத்தும் மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தும்படி திறந்து வைத்திருந்தார்கள். ஆர்வமுள்ளவர்கள் ஒன்றுகூடி, "லைரியன்" என்ற புதுப் பெயரில் அதைக் காப்பாற்றி வருகிறார்கள். வீட்டிலுள்ள கம்ப்யூட்டரிலோ, சீட்டுக்கட்டு அளவான "ராஸ்ப்பெரி பை"யிலோ அதை இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். வீட்டுப் பாட்டுக்களை அதில் சேர்த்துவைத்தால், கூடத்துக்கும் அறைகளுக்கும் அதுவே பரிமாறும். வெளி இன்டர்நெட் நின்றுபோனாலும் ரவுட்டருக்கு மின்சாரம் இருந்தால் போதும், பாட்டு வரும்.

களஞ்சியத்தில் இல்லாத குரல்

"லட்சம் பாட்டு இன்டர்நெட்டில் இருக்கும்போது, வீட்டுப் பாட்டு என்று தனியாக என்ன இருக்கிறது?" என்று கேட்பீர்கள்.

உங்கள் வீட்டுப் பரணை ஒருமுறை பாருங்கள். காஸெட்டுகள் இருக்கும். அவற்றில் பல, கடையில் வாங்கினவை; அவற்றில் பெரும்பகுதி இன்டர்நெட்டிலும் கிடைத்துவிடும். ஆனால் அட்டையில் பேனாவால் எழுதின நாலைந்து இருக்குமே, அவைதான் விஷயம். தாத்தாவின் சஷ்டியப்த பூர்த்தியில் வாசித்த நாயனம். அத்தை கல்யாணத்தில் பெண்கள் பாடிய நலங்குப் பாட்டு. குழந்தையாயிருந்தபோது நீங்கள் சொன்ன ஆத்திசூடி. பாட்டி, மாவு சலித்துக்கொண்டே பாடின தாலாட்டு. இவை எந்தக் கம்பெனியின் களஞ்சியத்திலும் கிடையா. சந்தா எவ்வளவு கட்டினாலும் வாரா. அந்த நாடா இற்றுப்போனால் அந்தக் குரலும் போயிற்று.

இவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது கடினமான காரியமல்ல, பொறுமையான காரியம். முதலில் காஸெட்டின் பின்விளிம்பிலுள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தாழ்களையும் உடைத்துவிடுங்கள். அப்போதுதான் தவறிப்போய்ப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அதன்மேல் வேறொன்று பதிவாகாது. உள்ளே வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓடவிடாதீர்கள், தெரிந்தவரிடம் காட்டுங்கள். நன்றாக இருந்தால் ஒருதரம் முன்னும் பின்னுமாக முழுதும் ஓட்டி நாடாவைத் தளர்த்துங்கள்.

பிறகு ஓடுகிற டேப்ரிக்கார்டர் ஒன்றின் ஹெட்போன் துளையிலிருந்து, யு.எஸ்.பி. ஒலிப் பெட்டி வழியாகக் கம்ப்யூட்டருக்கு ஒரு கம்பி. "ஆடாஸிட்டி" என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்யவேண்டும். அளவு காட்டும் கோடு சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 60 நிமிஷக் காஸெட்டுக்கு 60 நிமிஷந்தான் ஆகும், அவசரப்படுத்த முடியாது. குறையில்லாத தரத்தில் சேமித்தால் ஒரு மணி நேரத்துக்கு 300-லிருந்து 400 மெகாபைட் வரை பிடிக்கும். நூறு காஸெட்டுகள் இருந்தாலும் 64 கிகாபைட் பென் டிரைவ் ஒன்றில் அடங்கிவிடும். அதற்கு இன்னொரு நகலும் எடுத்து, தங்கையிடமோ ஓரகத்தியிடமோ கொடுத்துவையுங்கள். யார் பாடினது, எந்த வருஷம், எந்த வீட்டுக் கூடம் என்பதைப் பெயரோடு எழுதுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே எழுதுங்கள்.

பிறகு ஒருநாள் பாட்டியின் அறை ஸ்பீக்கரில் மூன்றாம் பொத்தானை அழுத்தினால், நாற்பது வருஷத்துக்கு முந்திய அவருடைய குரலே பாடும். அப்போதும் அதைக் கொலுப் பொம்மை மாதிரி துணி போர்த்தி வைக்க யாருக்கும் மனம் வராது.

ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சை

எல்லாம் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரீட்சை வையுங்கள். வீட்டிலுள்ளவர்கள் எல்லோருடைய போன்களையும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். வீட்டில் எல்லோரிலும் மூத்தவரைக் கூப்பிட்டு, "ஒரு பாட்டு வையுங்கள்" என்று கேளுங்கள். யாரும் உதவிக்குப் போகக்கூடாது. அவர் வைத்துவிட்டால் முதல் பரீட்சையில் தேறியாயிற்று. அடுத்தபடியாக, ரவுட்டருக்கு வரும் வெளி இன்டர்நெட் கம்பியைப் பத்து நிமிஷம் கழற்றிவையுங்கள். அப்போதும் வீட்டுப் பாட்டு ஒன்றாவது ஒலித்தால் இரண்டாவதிலும் தேறியாயிற்று. தேறாவிட்டாலும் எதைத் திருத்தவேண்டும் என்று தெரிந்துவிடும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அதற்குக் கருவி ஒன்றும் வேண்டாம். நாள் முழுவதும் வீட்டிலிருப்பவர் எந்தப் பாட்டை விரும்புகிறார் என்று வீட்டில் யாருக்காவது தெரியுமா? தெரியாதென்றால், ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன்னால் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கடைக்குக் கிளம்புங்கள்.

அடுத்த வாரம்: இன்வர்ட்டர் பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது எப்போது, எவ்வளவு?